ஹேடிக்ஸ் - பர்டெட், மே 26, 1959: 1-0 எப்படி வந்தது? (ஸ்கோர்ஷீட் சரிபார்ப்பு)

#1 | பென்சில்முனை

பழைய பேஸ்பால் ஆட்டங்களை ஸ்கோர்ஷீட்டில் மறுபடி நிரப்பும் பயிற்சியில் இந்த வாரம் மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியம். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் எதிர் மில்வாக்கி பிரேவ்ஸ், 13 இன்னிங்ஸ், 1-0. பைரட்ஸ் பிட்சர் ஹார்வி ஹேடிக்ஸ் 12 இன்னிங்ஸில் 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டு, 13ஆவதில் தோற்ற ஆட்டம்.

12 இன்னிங்ஸ் வரை பிரேவ்ஸ் பக்கம் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஒன்பது பேர், நான்கு சுற்று, 36 அவுட். 1, 4, 7, 10 என்று தொடங்கும் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதல் ஆள் ஓ'பிரையனின் இடம். 3, 6, 9, 12இல் கடைசி ஆள் பிரேவ்ஸ் பிட்சர் பர்டெட். படிக்கட்டு மாதிரி இறங்கும். சிக்கல் 13ஆவதில்தான்.

மன்டீயா (ஓ'பிரையனின் இடத்தில் வந்தவர்): மூன்றாம் பேஸ்காரர் ஹோக்கின் எர்ரர் (ஃபீல்டிங் பிழை).
மேத்யூஸ்: தியாக பன்ட் (தான் அவுட் ஆகி ரன்னரை நகர்த்தும் மெல்லிய தட்டல்). மன்டீயா இரண்டாம் பேஸுக்கு.
ஆரோன்: வேண்டுமென்றே கொடுத்த வாக் (நாலு பால் போட்டு இலவசமாகத் தரும் முதல் பேஸ்).
ஆட்காக்: வலது-நடு வேலியைத் தாண்டிய அடி.

இதை 3-0 என்று எழுதினாலும் ஷீட் சரியாக வருகிறது. 2-0 என்றாலும் வருகிறது. 1-0 என்றாலும் வருகிறது. சரிபார்ப்புச் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அட்-பேட் (வாக்கும் தியாகமும் போக மீதி பேட்டிங் முறை) + வாக் + தியாகம் (+ உடம்பில் பட்டது) = ரன் + பேஸில் தங்கியவர் + எதிரணியின் புட்-அவுட் (எடுத்த அவுட்). பிரேவ்ஸுக்கு வந்தவர்கள் மொத்தம் 40 பேர்: 38 அட்-பேட், 1 வாக், 1 தியாகம். வலது பக்கம்:

3-0 என்றால்: 3 + 0 + 37 = 40
2-0 என்றால்: 2 + 0 + 38 = 40
1-0 என்றால்: 1 + 1 + 38 = 40

மூன்றும் 40. கணக்கு தீர்ப்புச் சொல்லவில்லை என்றால் எந்த விதி சொல்கிறது?

#2 | வெள்ளைக்கோடு

சூத்திரம் தப்பு செய்ததை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், நடந்ததைச் சொல்லாது. வந்த 40 பேரும் ரன், தங்கல், அவுட் என்ற மூன்று பெட்டியில் ஏதோ ஒன்றில் விழுந்தாக வேண்டும். நீங்கள் ஆரோனை ரன் பெட்டியிலிருந்து தங்கல் பெட்டிக்கு மாற்றினால் கூட்டுத்தொகை அசையாது. அவ்வளவுதான் விஷயம்.

விதிக்கு வருவோம். நடந்த வரிசை முக்கியம்.

பந்து வேலியைத் தாண்டியது. மன்டீயா ஓடி வந்து ஹோமைத் தொட்டார். ஆரோன் பந்து வேலிக்குள்ளேயே விழுந்தது என்று நினைத்தார். மன்டீயாவின் ரன்னோடு ஆட்டம் முடிந்தது என்று இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டு டக்அவுட் (அணி உட்காரும் இடம்) பக்கம் திரும்பிவிட்டார். ஆட்காக் தலையைக் குனிந்து ஓடிக்கொண்டே இருந்தார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆரோனைத் தாண்டிவிட்டார்.

முன்னால் இருக்கும் ரன்னரைப் பின்னால் வரும் ரன்னர் தாண்டினால், தாண்டியவர் அவுட். பந்து வேலிக்கு வெளியே போயிருந்தாலும் இந்த விதி உயிரோடுதான் இருக்கும், ஏனென்றால் ஹோம் ரன் என்பது நான்கு பேஸையும் முறையாகத் தொட்டு முடிக்கக் கிடைக்கும் உரிமை மட்டுமே. முடிக்காவிட்டால் அது ஹோம் ரன் இல்லை.

ஆக ஆட்காக் அவுட். அவருடைய அடி டபுள் (இரண்டு பேஸ் அடி). ஆரோனைத் திரும்பக் கூட்டிவந்து பேஸ்களைத் தொடவைத்து, அன்று இரவு நடுவர்கள் எழுதியது 2-0. மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் அதை 1-0 ஆக்கினார். அவருடைய காரணம் சுத்தமானது: கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன் வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும், அதற்கு ஒரே விலக்கு ஹோம் ரன். ஹோம் ரன் ரத்தாகிவிட்டது என்றால் விலக்கும் இல்லை. மன்டீயாவின் கால் ஹோமில் பட்ட கணத்தில் ஆட்டம் முடிந்தது. ஆரோன் அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் ஊர்வலம்தான்.

#3 | பென்சில்முனை

நன்றி. ஏன் சிங்கிள் இல்லை, ஏன் டபுள்? ஆட்காக் இரண்டாம் பேஸைத் தாண்டியதாலா?

#4 | வெள்ளைக்கோடு

இரண்டு வழியிலும் டபுள்தான் வரும், ஆனால் வேறு வேறு காரணம்.

ஆட்டத்தை முடிக்கும் அடிக்கு எத்தனை பேஸ் கொடுப்பது என்பதற்குத் தனி அளவு உண்டு. வெற்றி ரன்னைக் கொண்டுவந்தவர் எத்தனை பேஸ் நகர்ந்தாரோ அத்தனை பேஸ்தான் பேட்டருக்கு. அதுவும் அவர் உண்மையிலேயே அத்தனை பேஸ் ஓடித் தொட்டிருந்தால் மட்டும். மன்டீயா இரண்டாம் பேஸில் இருந்து ஹோமுக்கு வந்தார், இரண்டு பேஸ். ஆட்காக்கும் இரண்டைத் தொட்டிருக்கிறார். டபுள்.

இதே அளவை 1999 நேஷனல் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் 5ஆம் ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள். 15ஆவது இன்னிங்ஸ், பேஸ்கள் நிரம்பி இருக்க மெட்ஸ் அணியின் ராபின் வென்டுரா வேலிக்கு வெளியே அடித்தார். முதல் பேஸைத் தாண்டியதும் சக ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து நிறுத்திவிட்டார்கள். வெற்றி ரன் மூன்றாம் பேஸிலிருந்து வந்தது, ஒரு பேஸ். அதனால் சிங்கிள், 4-3. நான்கு ரன் அடி ஒரு ரன் சிங்கிளாகச் சுருங்கியது.

#5 | கிரீஸ்லைன்

கிரிக்கெட் பக்கத்திலிருந்து வந்தவன் கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். தோற்ற அணிக்கு 12 ஹிட், ஜெயித்த அணிக்கு 1 ஹிட்னு போட்டிருக்கு. 12 ஹிட் அடிச்சு ஒரு ரன்கூட வரலையா? ஹேடிக்ஸ் பெரிய ஆள்தான், ஆனா பைரட்ஸ் பேட்டிங் என்ன செஞ்சுகிட்டு இருந்துச்சு?

#6 | புட்அவுட்

கோபமே இல்லை, இந்த ஆட்டத்தில் கேட்க வேண்டிய சரியான கேள்வியே இதுதான். எல்லோரும் 36 பேர் கதையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்துக் கணக்குதான் சுவாரசியம்.

பைரட்ஸ்: 47 அட்-பேட், 12 ஹிட், வாக் 0, பிரேவ்ஸ் செய்த எர்ரர் 0. பேஸில் தங்கியவர் 8. பிரேவ்ஸின் புட்-அவுட் 39 (13 × 3).
47 = 0 + 8 + 39. சரி.

இப்போது இதையே வேறு விதமாகப் பிரியுங்கள். 12 பேர் ஹிட்டால் பேஸ் ஏறினார்கள், 8 பேர் தங்கினார்கள், ஒருவரும் வீடு திரும்பவில்லை. மீதி 4 பேர்? பேஸிலேயே அழிந்தார்கள். பிரேவ்ஸ் மூன்று டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) செய்தது, அதில் 3 பேர். நான்காமவர் ரோமன் மெஹியாஸ்.

(ஃபோர்ஸ் அவுட், அதாவது பின்னால் வருபவருக்கு இடம் விட ஓடியாக வேண்டி அவுட் ஆனவர்களை ஏன் சேர்க்கவில்லை என்றால், அங்கே ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறுகிறார். நிகர மாற்றம் பூஜ்யம்.)

மெஹியாஸ் விஷயம் மூன்றாவது இன்னிங்ஸில் நடந்தது. ஹோக் சிங்கிள். மெஹியாஸின் அடியில் ஹோக் இரண்டாம் பேஸில் ஃபோர்ஸ் அவுட், மெஹியாஸ் முதல் பேஸில். அடுத்து ஹேடிக்ஸ் அடித்த பந்து பர்டெட் மேல் பட்டுத் தெறித்தது, இன்ஃபீல்ட் சிங்கிள். இரண்டாம் பேஸோடு நிற்க வேண்டிய மெஹியாஸ் மூன்றுக்கு ஓடி அவுட் ஆனார். உடனே அடுத்த ஆள் ஸ்கோஃபீல்ட் சிங்கிள். ஹேடிக்ஸ் மூன்றாம் பேஸ் வரை போனார். விர்டன் தூக்கி அடித்து கேட்ச்.

ஒரே இன்னிங்ஸில் மூன்று சிங்கிள், ரன் இல்லை. மெஹியாஸ் இரண்டில் நின்றிருந்தால் ஸ்கோஃபீல்டின் சிங்கிள் அவரைக் கொண்டுவந்திருக்கும். பைரட்ஸ் 1-0, ஒன்பது இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்து ஹேடிக்ஸ் பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரையும் பேஸ் ஏறவிடாத ஆட்டம்) பட்டியலில் உட்கார்ந்திருப்பார். 13ஆவதில் ஹோக் செய்த எர்ரரைப் பேசும் அளவுக்கு யாரும் மூன்றாவதில் நடந்த இந்த ஓட்டத்தைப் பேசுவதில்லை.

இன்னொன்று: 12 ஹிட்டும் சிங்கிள். மொத்த ஆட்டத்திலும் ஒரு பேஸுக்கு மேல் கிடைத்த ஒரே அடி ஆட்காக்கின் டபுள்.

#7 | சிங்கர்பால்

புட்அவுட் சொன்னதோடு பர்டெட்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். 13 இன்னிங்ஸ், 12 ஹிட், 2 ஸ்ட்ரைக்அவுட், வாக் பூஜ்யம். கடைசி எண்தான் சாவி.

பர்டெட் கீழே இறங்கும் பந்து போடுபவர். பேட்டர் அடிப்பார், பந்து தரையில் ஓடும். தரையில் ஓடும் பந்துகளில் சில இடைவெளி பார்த்து நுழையும், அது சிங்கிள். அதே வகைப் பந்து அடுத்த ஆளிடமிருந்து ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகும், அது டபுள் பிளே. ஆக இந்த மாதிரி பிட்சருக்கு 12 ஹிட் என்பது அபாயம்தான், ஆனால் பார்க்கும்போது தோன்றுகிற அளவு அபாயம் இல்லை. எப்போது உடையும்? நடுவில் இலவசமாக ஒரு வாக் கொடுத்தால். சிங்கிள், வாக், சிங்கிள் என்றால் ரன். சிங்கிள், டபுள் பிளே, சிங்கிள் என்றால் ஒன்றும் இல்லை. அவர் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. ரன் எடுக்க பைரட்ஸுக்கு ஒரே இன்னிங்ஸில் மூன்று ஹிட் தேவைப்பட்டது. அது கிடைத்த ஒரு தடவையும் மெஹியாஸ் கதை.

பிரேவ்ஸ் மேனேஜர் ஹேனி அவரை 9இலும் 12இலும் பேட் பிடிக்கவே அனுப்பினார், மாற்றாளைப் போடவில்லை. இரண்டு இன்னிங்ஸிலும் கடைசி ஆள் அவர்தான், பெர்ஃபெக்ட் கேமை உடைக்க வேண்டிய நேரம். ஆனாலும் 1957 வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவரை மேனேஜர் அவ்வளவு சீக்கிரம் எடுப்பாரா?

பைரட்ஸ் வரிசையில் அன்று க்ளெமென்டே இல்லை, காயம். ஷார்ட்ஸ்டாப் டிக் க்ரோட்டும் உட்காரவைக்கப்பட்டிருந்தார். க்ரோட் இடத்தில் வந்த ஸ்கோஃபீல்ட் மூன்று ஹிட் அடித்தார், ஹேடிக்ஸுக்காக பிரேவ்ஸின் லோகன் அடித்த பந்துகளையும் தடுத்தார். அதனால் அந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

#8 | நாலாம்பந்து

உயரமான மேடை (பிட்சர் நின்று போடும் மவுண்ட்) காலம், அதனால் ரன் குறைவு என்று யாராவது சொல்வதற்கு முன்: இல்லை. 1959இல் நேஷனல் லீகில் ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரி நாலு ரன்னுக்கு மேல் எடுத்தது. 1968 மாதிரி வறட்சி வருடம் இல்லை. மேடையை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது 1968க்குப் பிறகு, 1969இல். இந்த 1-0 காலத்தின் விளைவு இல்லை, இரண்டு பிட்சர்கள், காற்று, ஒரு ஓட்டப் பிழை.

காற்றையும் சொல்லியாக வேண்டும். ஏழாவதில் பாப் ஸ்கின்னர் வலது பக்கம் அடித்த பந்து வெளியே போக வேண்டியது. காற்று இழுத்துவிட்டது, ஆரோன் வேலியோரத்தில் பிடித்தார்.

#9 | மேல்வரிசை

13ஆவதில் பைரட்ஸ் மேனேஜர் மர்டா எடுத்த முடிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. ஆரோனுக்கு வாக் கொடுத்தது சரியா?

என் கட்சி: தப்பு. 12 இன்னிங்ஸ் ஒருவரையும் ஏறவிடாதவர் கையில் பந்து இருக்கிறது. ஒரு அவுட் விழுந்துவிட்டது. ரன்னர் இரண்டில். ஆரோனோடு நேராக மோதவிட வேண்டும். ஆட்காக் சாதாரண ஆளா? 1954 ஜூலை 31இல் ப்ரூக்ளினில் ஒரே ஆட்டத்தில் 4 ஹோம் ரன் அடித்தவர்.

#10 | புட்அவுட்

மேல்வரிசை, ஆரோன் அந்த மே கடைசியில் .400 சராசரிக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார். வருடக் கடைசியில் .355உடன் லீக் பேட்டிங் பட்டம். அவரைத் தவிர்ப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் பேஸ் காலி. ஆரோனை ஏற்றினால் ஃபோர்ஸ் கிடைக்கும். ஆட்காக் மெதுவாக ஓடுபவர், வலது கைக்காரர், ஹேடிக்ஸின் பந்து அன்று தரையில்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு டபுள் பிளே, இன்னிங்ஸ் முடிந்தது. ஆரோனின் ரன்னுக்கு மதிப்பே இல்லை. மன்டீயா வந்தாலே ஆட்டம் போச்சு. மதிப்பில்லாத ரன்னரை ஏற்றுவதில் இழப்பு என்ன?

#11 | மேல்வரிசை

இழப்பு இருக்கிறது. அடுத்த ஆளுக்கு வாக் கொடுத்தால் பேஸ் நிரம்பும் என்பதால் ஹேடிக்ஸ் ஆட்காக்குக்கு ஓரத்தில் போட்டு விளையாடும் சுதந்திரம் குறைகிறது. அந்த முடிவை எடுப்பதாக இருந்தால் முழுதாக எடுத்திருக்கலாம்: ஆட்காக்கையும் ஏற்றிவிட்டு, இடது கை கோவிங்டனோடு இடது கை ஹேடிக்ஸை மோதவிடலாம். எந்த பேஸிலும் ஃபோர்ஸ்.

#12 | புட்அவுட்

பேஸ் நிரம்பியிருக்க நாலு பால் போனால் ஆட்டம் முடிந்தது. ஃப்ளூவோடு 13ஆவது இன்னிங்ஸில் நிற்கும் ஆளுக்கு அதைக் கொடுப்பது துணிச்சலா, கொடுமையா என்பது உங்கள் பாடு. அன்று இரவு அவர் வேண்டுமென்றே கொடுத்த அந்த ஒன்றைத் தவிர வாக்கே கொடுக்கவில்லை என்பது உங்கள் பக்கம் சாயும் புள்ளி, ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. ஹேனி அந்த வருடம் 46 ஹோம் ரன் அடித்து லீகில் முதலிடம் பிடிக்கப்போகிற மேத்யூஸிடம் பன்ட் கேட்டார், மேத்யூஸும் ஒழுங்காகப் போட்டார். ஹேடிக்ஸைப் பற்றி எதிரணி என்ன நினைத்தது என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை. 36 பேரில் ஒருவரும் ஏறாதபோது, ஏறிய முதல் ஆளை ஒரு பேஸ் தள்ளிவைக்க ஒரு அவுட்டைத் தருவது மலிவான விலைதான்.

#13 | துண்டுசைகை

ஹேடிக்ஸ் என்ன போட்டார் என்பதைப் பேசாமல் இருக்கலாமா. முக்கால்வாசி இரண்டே பந்து: வேகப்பந்து, ஸ்லைடர். மொத்தம் 115 பந்து. 13 இன்னிங்ஸுக்கு இது மிகச் சிக்கனம், இன்னிங்ஸுக்குச் சுமார் 9.

பிரேவ்ஸ் வரிசையில் ஒன்பதில் ஏழு பேர் வலது கை. மேத்யூஸும் கோவிங்டனும் மட்டும் இடது. இடது கைப் பிட்சரின் ஸ்லைடர் வலது கைப் பேட்டரின் உடம்பை நோக்கி உள்ளே நுழைந்து கீழே இறங்கும். பேட்டின் பிடிப்பக்கம் படும், பலம் போகாது. வெளி ஓரத்தில் கீழே வேகப்பந்து, உள்ளே ஸ்லைடர். பேட்டர் ஒன்றுக்கு எட்டினால் இன்னொன்றுக்கு அடைபடுவார். ஸ்ட்ரைக்அவுட் எட்டுதான், மீதி எல்லாம் பலவீனமான அடி. கடைசிப் பந்தும் ஸ்லைடர்தான். இறங்காமல் மேலேயே நின்றது. ஆட்காக் கைகளை நீட்ட இடம் கிடைத்தது.

இதில் விசித்திரம்: பிரேவ்ஸ் பேட்டர்களுக்கு எந்தப் பந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். கேட்சர் ஸ்மோக்கி பர்ஜஸ் கனத்த ஆள், ஆழமாகக் குந்த மாட்டார். விரல் சைகை தொடைகளுக்கு நடுவில் மறையாமல் வெளியே தெரிந்தது. பிரேவ்ஸ் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) இருந்தவர்கள் தூரக்கண்ணாடியில் அதைப் படித்துத் துண்டை வைத்து பேட்டருக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் பிரேவ்ஸ் பிட்சர் பாப் பூலே இதை வெளியே சொன்னார். ஆரோன் மட்டும் அந்த உதவியை வாங்கிக்கொள்ளவில்லை என்பார்கள்.

வழக்கமாக சைகையைத் திருடுவது இரண்டாம் பேஸில் நிற்கும் ரன்னரின் வேலை. இங்கே ரன்னரே இல்லையே, அதனால்தான் புல்பென்.

#14 | கிரீஸ்லைன்

தெரிஞ்சும் அடிக்க முடியலையா? அப்ப திருடி என்ன லாபம்?

#15 | துண்டுசைகை

வகை தெரிந்தால் இடம் தெரிந்ததாகாது. ஸ்லைடர் வருகிறது என்று தெரிந்து காத்திருந்தாலும், முழங்கால் உயரத்தில் உள் ஓரத்தில் இறங்கினால் செய்வதற்கு அதிகம் இல்லை. அதோடு அவருடைய ஸ்லைடர் பாதி வழி வரை வேகப்பந்து மாதிரியே வரும். திருட்டு உதவியிருந்தால் அது கடைசிப் பந்துக்கு மட்டும்தான். அதற்கும் உதவியதா என்று ஆட்காக்குக்குத்தான் வெளிச்சம்.

#16 | முழுநீளம்

எல்லாம் சரி. இது பெர்ஃபெக்ட் கேமா இல்லையா?

1991 செப்டம்பரில் பேஸ்பால் கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில் புள்ளிவிவரக் குழு வரையறையை மாற்றியது: ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் ஆடி, ஹிட் இல்லாமல் முடிந்தால் மட்டுமே நோ-ஹிட்டர். 50 ஆட்டம் பட்டியலிலிருந்து போயிற்று. ஹேடிக்ஸின் ஆட்டமும் அதில் ஒன்று. என்னைப் பொறுத்தவரை அநியாயம். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை வரிசையாக எடுத்தவருக்குப் பட்டம். 36 பேரை எடுத்தவருக்குக் கிடையாது.

#17 | வெள்ளைக்கோடு

நான் குழுவின் பக்கம். வரையறை கதைக்காக இல்லை, எண்ணுவதற்காக. "முதல் ஒன்பது" என்று எண்ணத் தொடங்கினால் எந்த இடத்தில் நிறுத்துவது? ஆட்டம் என்பது முடிந்த ஆட்டம். 13ஆவதில் ஒரு எர்ரர், ஒரு வாக், ஒரு ஹிட் இருக்கின்றன. "பெர்ஃபெக்ட்" என்ற சொல் அங்கே ஒட்டாது.

எக்ஸ்போஸ் அணியின் பிட்சர் பெத்ரோ மார்டினெஸுக்கும் இதே விதிதான்: 1995 ஜூன் 3, சான் டியேகோ, ஒன்பது இன்னிங்ஸ் 27 பேர், 10ஆவதின் முதல் ஆள் பிப் ராபர்ட்ஸ் டபுள். எக்ஸ்போஸ் 1-0 ஜெயித்தது, பட்டியலில் இல்லை. ஹேடிக்ஸுக்கு விதிவிலக்கு கொடுத்தால் மார்டினெஸுக்கும் கொடுக்க வேண்டும்.

#18 | முழுநீளம்

கொடுங்களேன், யார் வேண்டாம் என்றது.

ஒப்பிடுவதாக இருந்தால் மார்டினெஸைவிட ரிச் ஹில் நெருக்கம். 2017 ஆகஸ்ட் 23, பிட்ஸ்பர்க். டாட்ஜர்ஸ் பிட்சர் ஹில் எட்டு இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட். ஒன்பதாவதில் மூன்றாம் பேஸ்காரர் ஃபோர்சைத் எர்ரர். ஹிட் இல்லாமலே ஒன்பது முடிந்தது. 10ஆவதில் ஜாஷ் ஹாரிசன் ஹோம் ரன், 1-0. மூன்றாம் பேஸில் எர்ரர், கூடுதல் இன்னிங்ஸ், வேலிக்கு வெளியே ஒரே அடி. 58 வருடம் கழித்து அச்சு அசல், இந்தத் தடவை பைரட்ஸ் ஜெயித்த பக்கம்.

#19 | சிங்கர்பால்

குறை ஹிட் ஆட்டம் என்றால் 1965 செப்டம்பர் 9யும் வேண்டும். டாட்ஜர்ஸ் பிட்சர் கூஃபாக்ஸ் பெர்ஃபெக்ட் கேம், எதிரில் கப்ஸ் அணியின் பாப் ஹென்ட்லி ஒரே ஹிட் கொடுத்தார். அந்த 1-0 ரன் ஹிட்டே இல்லாமல் வந்தது: லூ ஜான்சனுக்கு வாக், பன்ட், மூன்றாம் பேஸ் திருட்டு, கேட்சர் க்ரூக் எறிந்த பந்து இடது அவுட்ஃபீல்டுக்குப் போயிற்று. இரண்டு அணிக்கும் சேர்த்து மொத்தம் ஒரு ஹிட், அதுவும் பின்னால் ஜான்சன் அடித்ததே, ரன்னுக்குத் தொடர்பில்லை.

பென்சில்முனை அடுத்து அதை நிரப்பலாம். எளிது.

#20 | நாலாம்பந்து

1959 கடைசி நிலவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரேவ்ஸும் டாட்ஜர்ஸும் 86-68இல் சமமாக முடித்து மூன்று ஆட்டத் தீர்வுத் தொடருக்குப் போனார்கள், டாட்ஜர்ஸ் 2-0. மே 26இல் பிரேவ்ஸ் தோற்றிருந்தால் அந்தத் தீர்வுத் தொடரே இல்லை. ஜைல்ஸ் 1-0, 2-0 என்று பேனா பிடித்து எழுதியது அலங்காரத்துக்கு இல்லை, ஆனால் வெற்றி எந்த எண்ணிலும் அதே வெற்றிதான்.

இன்னொரு பக்கக் குறிப்பு: ஹேடிக்ஸ், பர்ஜஸ், ஹோக் மூவரும் அந்த ஜனவரியில் ஒரே பரிமாற்றத்தில் சின்சினாட்டியிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தவர்கள். போட்டவர், பிடித்தவர், தவறவிட்டவர்.

#21 | மேல்வரிசை

ஹோக்கைத் "தவறவிட்டவர்" என்று சொல்லாதீர்கள், பந்தை ஒழுங்காகத்தான் பிடித்தார். எறிந்ததுதான் தாழ்ந்துபோய் முதல் பேஸ்காரர் நெல்சன் காலடியில் விழுந்தது. ஷீட்டில் இரண்டும் ஈ5தான் (ஈ என்றால் எர்ரர், 5 மூன்றாம் பேஸ்காரரின் எண்), ஆனால் எறிதல் என்று பக்கத்தில் குறிப்பது நல்லது. நெல்சன் மேல் எழுதக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள்: எறிந்தது தரையில் குத்தி வந்தால் சாதாரணமாகப் பிழை எறிந்தவருக்கு.

#22 | பென்சில்முனை

கடைசியாக ஒரு விதிச் சந்தேகம். ஆரோன் பாதையை விட்டு டக்அவுட் பக்கம் போனாரே. பேஸைக் கைவிட்டவர் என்று அவரை முதலில் அவுட் கொடுத்திருந்தால்?

#23 | வெள்ளைக்கோடு

கொடுத்திருக்க இடம் உண்டு. ஓட்டத்தைக் கைவிட்டுத் தெளிவாக வெளியேறியவரை நடுவர் அவுட் சொல்லலாம். ஆனால் அது நடுவர் அந்த இடத்தில் அறிவித்தால்தான். ஆரோன் அவுட் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் ரன்னரே இல்லை, ஆட்காக் யாரையும் தாண்டியதாகாது. ஆட்காக் சுற்றி முடித்தால் அது ஹோம் ரன். மன்டீயா, ஆட்காக், 2-0. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 2 + 0 + 38 = 40. இதுவும் ஒத்துப்போகும், உங்கள் பட்டியலில் நான்காவது.

மேத்யூஸ் ஒருவர்தான் அதற்கு முன் அவுட் என்பதையும் கவனியுங்கள். ஆட்காக் இரண்டாவது அவுட். அவர் மூன்றாவது அவுட்டாக இருந்திருந்தால், தாண்டுவதற்கு முன் மன்டீயா ஹோமைத் தொட்டாரா என்று நேரம் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

#24 | பென்சில்முனை

நிரப்பிய 13ஆவது கீழே. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

மன்டீயா: ஈ5 (எறிதல்). பன்ட்டில் இரண்டுக்கு. ஆட்காக் அடியில் ஹோம். ரன், பிட்சர் கணக்கில் சேராதது.
மேத்யூஸ்: தியாக பன்ட், அவுட் 1. அட்-பேட் இல்லை.
ஆரோன்: வேண்டுமென்றே வாக். அட்-பேட் இல்லை. பேஸில் தங்கியவர்.
ஆட்காக்: டபுள். முன் ரன்னரைத் தாண்டியதால் அவுட் 2.
அடுத்து: யாரும் இல்லை, ஆட்டம் முடிவு.

பிரேவ்ஸ்: 38 அட்-பேட், 1 ரன், 1 ஹிட், 0 எர்ரர், தங்கல் 1.
பைரட்ஸ்: 47 அட்-பேட், 0 ரன், 12 ஹிட், 1 எர்ரர், தங்கல் 8.
ஹேடிக்ஸ் (தோல்வி): 12⅔ இன்னிங்ஸ், 1 ஹிட், 1 ரன், அவர் கணக்கில் 0, வாக் 1, ஸ்ட்ரைக்அவுட் 8.
பர்டெட் (வெற்றி): 13 இன்னிங்ஸ், 12 ஹிட், 0 ரன், வாக் 0, ஸ்ட்ரைக்அவுட் 2.

#25 | புட்அவுட்

ஆட்காக் கட்டத்தில் ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்) 1 விட்டுப்போச்சு. 10ஆவதில் ஓ'பிரையனுக்குப் பதில் பேட் பிடித்தவர் டெல் ரைஸ், மன்டீயா அதற்கு அடுத்துத்தான் ஃபீல்டிங்கில் வந்தார்; ஒரே இடத்துக்கு மூன்று பெயர் எழுதணும். ஹேடிக்ஸின் 12⅔இல் அந்த ⅔ எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் மேத்யூஸ், ஆட்காக் இரண்டையும் காட்டுங்கள். மற்றது சரி.